உப்புல ஈயமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், பாக்கெட் உப்புல ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாம் கலந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ சுத்துது. அதைப் பாத்ததுல இருந்து எங்க மாமியார் கடை உப்பே வாங்கக் கூடாதுங்கிறாங்க. நிஜந்தானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இருக்கும்மா, இல்லைன்னு சொல்ல மாட்டேன். கடல் தண்ணியிலயும் மண்ணுலயும் இந்த உலோகமெல்லாம் துளித்துளி இருக்கு, அதுல இருந்து வர்ற உப்புல மட்டும் எப்படி இல்லாம போகும்? எவ்வளவு இருக்குங்கிறதைத்தான் பாக்கணும், அந்த வீடியோக்காரர் அதை மட்டும் சொல்லாம விட்டிருப்பார் பாருங்க. கோடெக்ஸ்னு சர்வதேச உணவுத் தரம் ஒன்னு இருக்கு, அதுல ஒரு கிலோ உப்புக்கு ஈயம் 1 மில்லிகிராம், ஆர்சனிக்கும் காட்மியமும் தலா 0.5, பாதரசம் 0.1, இதுக்கு மேல போகக் கூடாது. இப்ப கணக்கு போடுங்க. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ உப்பு போதும்ங்குது, தலை தட்டின ஒரு டீஸ்பூன்தான். உங்க உப்புல ஈயம் சரியா அந்த வரம்பு வரைக்கும் இருக்குன்னே வெச்சுக்குவோம், 5 கிராமுக்கு 5 மைக்ரோகிராம் ஈயம் உள்ள போகும். ஆனா நாம ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கடை மிக்சர்னு 10 கிராமை சாதாரணமா தாண்டுறோமே, அப்ப அது 10 ஆயிடுது. குழந்தை பெத்துக்கிற வயசுல இருக்கிற பெண்களுக்கு ஒரு நாளைக்கு எல்லா சாப்பாடும் சேத்து 8.8, சின்னப் பிள்ளைங்களுக்கு 2.2 மைக்ரோகிராம்னு அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒரு அளவு வெச்சிருக்கு. ஈயத்துக்கு இவ்வளவு வரைக்கும் பயமில்லைன்னு முன்னாடி ஒரு அளவு சொல்லிட்டிருந்த சர்வதேச நிபுணர் குழு, 2010ல அதையே வாபஸ் வாங்கிருச்சு. நல்லா கழுவி சுத்தம் பண்ணின உப்பு பொதுவா வரம்புக்கு ரொம்பக் கீழதான் இருக்கும், அதனால மாமியார்கிட்ட பிராண்டைப் பத்தி சண்டை போடாதீங்க, ஊறுகாய் ஜாடியை கொஞ்சம் தள்ளி வைங்க.

கேள்வி: நாங்க உப்பளத்துல இருந்தே மூட்டையா கல்லுப்பு வாங்குறோம். கொஞ்சம் மங்கலா, அடியில சேறு தங்குற மாதிரி இருக்கும். பக்கத்துல அனல்மின் நிலையம் வேற இருக்கு. சாப்பிடலாமா அண்ணாச்சி?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நல்ல கேள்வி தம்பி. உங்களுக்குத் தெரியாதது இல்ல, இருந்தாலும் மத்தவங்களுக்காக சொல்றேன். கடல் தண்ணியோ போர் தண்ணியோ, ஒவ்வொரு பாத்தியா மாத்தி மாத்தி வெயில்ல காய விடுவாங்க, கடல் தண்ணி மூணு மூணரை டிகிரி இருக்கும் (இது சூடு இல்ல, தண்ணியில உப்பு எவ்வளவு ஏறியிருக்குன்னு அளக்குற போமே டிகிரி), அது ஏறி 25 டிகிரி கிட்ட வரும்போதுதான் உப்பு பூக்க ஆரம்பிக்கும், 29, 30 போனதும் மிச்சக் கசப்புத் தண்ணியை வெளிய தள்ளிருவாங்க. உலோகத்துல ஒரு பங்கு இந்தக் கசப்புத் தண்ணியோட போயிரும், இன்னொரு பங்கு களிமண் துகள்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். பலகையால வாரும்போது பாத்தி அடிமண்ணும் கூட வருது பாருங்க, மங்கலா தெரியிறது அதுதான். உங்க பயம் சும்மா இல்ல, நிலக்கரிச் சாம்பல்ல ஆர்சனிக், ஈயம், பாதரசம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், சாம்பல் கலந்த தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்க வேண்டியதுதான். அதுக்காக உங்க மூட்டையில எவ்வளவு இருக்குன்னு பாத்தே சொல்றவர் யாரும் கிடையாது, லேப்ல கொடுத்தாதான் தெரியும், காசு கட்டினா நம்ம மாதிரி ஆளுங்களும் கொடுக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு. அதுவரைக்கும் எங்க பாட்டி காலத்து வழி இருக்கு, கல்லுப்பைத் தண்ணியில கரைச்சு ராத்திரி முழுக்க அசைக்காம வெச்சு, மேல தெளிஞ்சதை மட்டும் துணியில வடிகட்டி சமையலுக்கு ஊத்துங்க. மண்ணோட ஒட்டினது அடியில நின்னுரும், கரைஞ்சு இருக்கிறது போகாது, அதையும் சொல்லிடுறேன். இன்னொன்னு, அளத்து உப்புல அயோடின் சேக்கலை, வீட்ல கர்ப்பிணியோ குழந்தையோ இருந்தா அயோடின் போட்ட உப்பையே வாங்குங்க.

கேள்வி: அப்ப ஹிமாலயன் பிங்க் சால்ட்டுக்கு மாறிடலாமா? அது பொல்யூஷன் இல்லாததுன்னு போட்டிருக்கே?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: விலையைப் பாத்தீங்களா! அது பெரும்பாலும் பாகிஸ்தான் பஞ்சாப்ல கேவ்ரா சுரங்கத்துல வெட்டுறது, இமயமலைக்கு மேல இருந்து யாரும் எடுத்துட்டு வரலை, நம்ம இந்துப்புதான். ரோஸ் கலர் இரும்பு ஆக்சைடால வருது. 2020ல ஆஸ்திரேலியாவுல கடையில விக்கிற பிங்க் சால்ட் 31 சாம்பிள் எடுத்து சோதிச்சாங்க, அதுல ஒன்னுல ஈயம் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல, அந்த நாட்டு வரம்பைத் தாண்டி இருந்துச்சு. மினரல் சத்து உருப்படியா கிடைக்கணும்னா தினம் 30 கிராம் சாப்பிடணும்னும் சொல்லிட்டாங்க, 30 கிராம் உப்பு தின்னா பிரஷர் எங்க போய் நிக்கும்? ருசிக்கு வாங்குங்க, வேண்டாம்னு சொல்லலை.

கேள்வி: பாக்கெட்ல 536னு ஒரு நம்பர் இருக்கே, அது சயனைடாமே?
– வாசகர், சேலம்

பதில்: பொட்டாசியம் ஃபெரோசயனைடு, உப்பு கட்டி தட்டாம இருக்கப் போடுறது. பேர்ல சயனைடு இருக்கு, ஆனா அது இரும்போட இறுக்கமா பிணைஞ்சிருக்கிறதால லேசுல பிரிஞ்சு வராது, போடுறதும் கிலோவுக்கு சில மில்லிகிராம்தான். இது ஹெவி மெட்டல் விஷயமே இல்ல, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

கேள்வி: உப்பை எதுல வைக்கிறது? வீட்ல பழைய ஈயச் சொம்பு ஒன்னு கிடக்கு, அதுல போட்டு வைக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஐயோ, வேண்டாம்! உப்புக்கு பீங்கான் ஜாடி, கண்ணாடி, மரவை, இது மூணுதான். ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயத்துல, அதாவது டின்ல செஞ்சிருக்கணும், ஆனா காரீயம், நாம இவ்வளவு நேரம் பேசின விஷ ஈயம், அதைக் கலந்து விக்கிற ஆளுங்களும் இருக்காங்க, அதுல புளியும் உப்பும் சேந்து கொதிச்சா ஈயம் கரைஞ்சு நேரா ரசத்துக்குள்ள வரும். உப்பு பாக்கெட்டை சந்தேகப்படுறதுக்கு முன்னாடி இந்தச் சொம்பைத்தான் நான் சந்தேகப்படுவேன். எங்க வாங்கினதுன்னு தெரியாத சொம்புன்னா ஷோகேஸ்ல வெச்சிருங்க, ரசத்தை எவர்சில்வர்ல வைங்க, மணம் கொஞ்சம் குறையும்தான், பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடப் போட்டுக்கோங்க.