ஈஸ்டை மாற்றும் முன் அமிலப் படியைப் பாருங்கள்
எத்தனால் எடுக்க வைக்கோலை நீர்த்த கந்தக அமிலத்தில் சூடாக்கி, நாரைச் சர்க்கரையாக உடைக்கும் செல்லுலேஸ் நொதி சேர்த்து, சர்க்கரை நன்றாக வந்தும் ஈஸ்ட் அசையவே இல்லை என்கிறீர்கள். எனக்கு அமிலப் படி மேல்தான் சந்தேகம். சூடு மிஞ்சினால் வைக்கோலிலிருந்து வரும் சைலோஸ் என்ற சர்க்கரை சிதைந்து, ஈஸ்டுக்கு ஆகாத ஃபர்ஃபியூரால் ஆகிவிடும், வைக்கோல் நாரின் ஒரு பகுதியான ஹெமிசெல்லுலோஸிலிருந்து அசிட்டிக் அமிலமும் இறங்கும், இரண்டும் சேர்ந்தால் ஈஸ்ட் முடங்கிவிடும். நொதி சேர்க்கும் முன் திடப்பொருளைக் கழுவினீர்களா? சுண்ணாம்பு போட்டு பிஹெச் 10 வரை ஏற்றி, வடிகட்டி, மறுபடி 5க்கு இறக்கினால் ஃபர்ஃபியூரால் குறையும், ஆனால் கொஞ்சம் சர்க்கரையும் போய்விடும், அசிட்டிக் அமிலமோ அப்படியே நிற்கும், அதனால் முதலில் கழுவிப் பாருங்கள். அப்புறம், அதே ஈஸ்டைத் தூய குளுக்கோஸிலும் ஓட்டுங்கள், அங்கே நொதித்தால் ஈஸ்ட் மேல் பழியில்லை. விளைச்சல் கணக்கில் சைலோஸைச் சேர்க்காதீர்கள், சாதாரண ஈஸ்ட் அதை எத்தனாலாக மாற்றாது.