மை விலையை விடுங்கள், அப்டேட் தேதியைப் பிடியுங்கள்

கேள்வி: என் வீட்டு பிரிண்டருக்கு இரண்டு செட் கார்ட்ரிட்ஜ் வாங்கினால் பிரிண்டர் விலையே வந்துவிடுகிறது. அதனால் எட்டு மாதமாக வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ் போட்டு வந்தேன். ஒரு நாள் அப்டேட் ஆனதும் அதை ஏற்க மறுத்துவிட்டது. ஒரிஜினல் போட்டால் கறுப்பு கோடு கோடாக விழுகிறது. மை தெளிக்கும் ஹெட் போய்விட்டது, வெளி மை போட்டதால் வாரண்டி இல்லை என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். மை பாதி இருக்கும்போதே தீர்ந்ததாகக் காட்டியும் ஏமாற்றினார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து வழக்குப் போடலாமா?

பதில்: எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டால் தோற்பீர்கள். விலை அதிகம் என்பது மட்டுமே வழக்குக்குக் காரணமாகாது. மை மிச்சமிருந்ததையும் விடுங்கள். பல மாடல்களில் மையின் அளவு தெளித்த துளிகளை எண்ணிப் போடும் கணக்குதான். ஹெட்டுக்குள் காற்று போகாமலிருக்கக் கொஞ்சம் மிச்சம் வைத்தோம் என்று பதில் வரும். பெட்டியில் போட்ட பக்க எண்ணிக்கையும் உதவாது. அது ஐஎஸ்ஓ 24711 என்ற சர்வதேச தரப்படி தொடர்ந்து அச்சடித்து எடுத்த கணக்கு. எப்போதாவது நாலு பக்கம் எடுப்பவருக்கு ஹெட் சுத்தம் செய்வதிலேயே மை கரையும்.

சட்டத்தின் முன் நிற்பது ஒன்றுதான்: எட்டு மாதம் வேலை செய்த கார்ட்ரிட்ஜை, விற்ற பிறகு வந்த ஃபர்ம்வேர் (பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) தடுத்தது. இப்படி நடக்கும் என்று வாங்கும்போது தெளிவாகச் சொன்னார்களா? பெட்டியிலோ, விற்பனைப் பக்கத்திலோ கண்ணில் படும்படி இருந்தால் உங்கள் தரப்பு பலவீனம். இல்லையென்றால் பலம். இத்தாலியின் போட்டி ஆணையம் 2020-இல் ஹெச்பிக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்ததற்கு, இந்தக் கட்டுப்பாட்டைத் தெளிவாகச் சொல்லாததும் ஒரு காரணம். லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனியின் வழக்கில் 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை நோட்டீஸில் இழுக்காதீர்கள். விற்ற கார்ட்ரிட்ஜின் மீது காப்புரிமை கோர முடியாது என்றுதான் அது சொல்கிறது. எந்தக் கார்ட்ரிட்ஜையும் பிரிண்டர் ஏற்றாக வேண்டும் என்று சொல்லவில்லை.

இனி நான் அஞ்சும் இடம். தடுப்பையும் ஹெட் பழுதையும் பலர் ஒரே மனுவில் கட்டுகிறார்கள். தடுப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கம்பெனிக்காரர். ஹெட்டைச் சேர்த்த கணமே பேச்சு உங்கள் மையின் தரத்துக்குத் திரும்பும். வெளி மை போட்டாலே வாரண்டி போச்சு என்ற வாதம் பல நாடுகளில் செல்லாதுதான்; அந்த மையால்தான் பழுது என்று அவர்கள் காட்ட வேண்டும். ஆனால் ஹெட்டைப் பிரித்து உறைந்த மையைக் காட்டினால், அதை மறுக்க நீங்கள் வேறொரு நிபுணரைப் பிடிக்க வேண்டும். அவர் கட்டணத்தில் புது பிரிண்டரே வாங்கலாம்.

அதைவிட மோசமானது பொய். "ஒரிஜினல் மட்டுமே போட்டேன்" என்று மனுவில் எழுதாதீர்கள். எந்தக் கார்ட்ரிட்ஜ் எப்போது போட்டீர்கள் என்று பிரிண்டரே பதிவு வைத்திருக்கக்கூடும். இத்தாலியில் ஹெச்பி மீது எழுந்த இன்னொரு குற்றச்சாட்டே அப்படிப்பட்ட பதிவைப் பற்றியதுதான். ஒரு பொய் வெளிப்பட்டால் உண்மையான புகாரும் அதோடு போகும்.

சாட்சியத்தைத் தாங்களே அழிப்பவர்களும் உண்டு. கோபத்தில் கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போடுகிறார்கள், பிரிண்டரை ரீசெட் செய்கிறார்கள், சர்வீஸுக்கு அனுப்புகிறார்கள். அங்கே புது ஃபர்ம்வேர் ஏறித் திரும்பும். பழைய பதிப்பு எது என்று பிறகு காட்ட வழியில்லை. இன்றே தானியங்கி அப்டேட்டை அணையுங்கள். ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் பக்கத்தை அச்சடித்து வையுங்கள். பெரும்பாலான மாடல்களில் ஃபர்ம்வேர் பதிப்பு எண்ணும் இதுவரை அச்சடித்த மொத்தப் பக்க எண்ணிக்கையும் அதில் வரும். மறுக்கப்பட்ட கார்ட்ரிட்ஜைப் போட்டு, சுவிட்ச் போடுவது முதல் எச்சரிக்கை வரும்வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பிறகு அந்தக் கார்ட்ரிட்ஜைப் பையில் மூடி, வாங்கிய ரசீதோடு வையுங்கள்.

என் ஆலோசனை சமரசம்தான். 2016-இல் ஹெச்பி பிரிண்டர்கள் வெளிக் கார்ட்ரிட்ஜ்களை மறுத்ததால் அமெரிக்காவில் எழுந்த கூட்டு வழக்கே 15 லட்சம் டாலர் சமரசத்தில்தான் முடிந்தது. தனி ஆளாக நீங்கள் அதற்கு மேல் இழுப்பதில் பயனில்லை. நோட்டீஸில் தடுப்பை மட்டும் எழுதுங்கள். தடுப்பில்லாத ஃபர்ம்வேர், அல்லது வீணான கார்ட்ரிட்ஜ்களின் விலை என்று கேளுங்கள். ஹெட்டைப் பேச்சுவார்த்தையில் கேளுங்கள், மனுவில் வேண்டாம். ஒரு செட் ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் இலவசம் என்று வந்தால், கூடவே வரும் கடிதத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருந்தால், ஃபர்ம்வேர் சரியான பிறகே கையெழுத்துப் போடுங்கள்.