பி.டி. சார் பதில்கள்: பசியும் விளையாட்டும்

அரசு உயர்நிலைப் பள்ளியில் இருபது வருடமாக விசில் ஊதுகிறேன். பிள்ளைகளின் சாப்பாடு, விளையாட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எட்டாவது படிக்கும் மகன் போன வாரம் பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டான். காலையில் எதுவும் சாப்பிட மாட்டேன் என்கிறான் சார்.

அம்மா, பிரேயர் நேரத்தில் நான் வரிசைக்குப் பக்கவாட்டில்தான் நிற்பேன். உதடு வெளுத்து, காலை மாற்றி மாற்றி ஊன்றும் பிள்ளையை விழுவதற்கு முன்பே உட்கார வைத்துவிடலாம். "என்ன சாப்பிட்டே?" என்றால், "நேத்து ராத்திரி புரோட்டா சார்" என்பான். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கிடைக்கிறது. ஆனால் அது 1 முதல் 5 வகுப்புக்கானது. அதற்கப்புறம்தானே திடுதிடுவென்று வளர்கிறார்கள்! என்னைக் கேட்டால் பத்தாவது வரை கொடுக்க வேண்டும்.

இட்லி இறங்கவில்லையா, விடுங்கள். பழைய சோறும் மோரும் போதும். அதுவும் முடியாவிட்டால் வாழைப்பழமும் ஒரு பிடி வேர்க்கடலையும். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்தால் காலையில் தானாகப் பசிக்கும். எதற்கும் டாக்டரிடம் காட்டி ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளியில் தரும் நீல மாத்திரை குமட்டுகிறது என்று மகள் தூக்கிப் போட்டுவிடுகிறாள்.

வெறும் வயிற்றில் போட்டிருப்பாள். அது வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை. மதியம் சாப்பிட்ட பிறகு போடட்டும். கூடவே டீ வேண்டாம், இரும்பை உடம்பில் சேரவிடாது. நெல்லிக்காய் கடித்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

கேள்வி: சத்துணவில் முட்டைக்குப் பதில் வாழைப்பழம் வாங்குகிறாள். சமம்தானே?

இல்லை. முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். பழத்தில் 1 கிராம்தான். சாயங்காலம் சுண்டல் அவித்துக் கொடுங்கள்.

கேள்வி: பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார். பத்தாவது என்பதால் கேட்கவும் தயக்கம்.

'கடன்' என்றுதான் வாங்குவார்கள். திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிடம். பள்ளி தருவதே இரண்டு பீரியட், அதையும் பிடுங்கினால்? கணக்கு சாரோடு சண்டை வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அங்கே தீர்மானமாக எழுத வையுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் மைதானமே இல்லை. நான் ஆசிரியை.

பெண்களுக்கான கபடிக் களமே 12க்கு 8 மீட்டர்தான், டீச்சர். அதற்கும் இடமில்லை என்றால் பாண்டி, நொண்டி, ஸ்கிப்பிங். ஒரு சாக்பீஸும் இரண்டு கயிறும் போதும். வரிசையில் நின்று முறைக்காகக் காத்திருக்கும் பிள்ளை விளையாடவில்லை. அதனால் நாலைந்து பேராகப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: மாதவிடாய் நாளில் பெண் பிள்ளைகள் விளையாடலாமா?

தாராளமாக. வலி இருந்தால் உட்காரட்டும். நான் காரணம் கேட்பதில்லை. "இன்னைக்கு ஸ்கோர் எழுதுறேன் சார்" என்றால் நோட்டை நீட்டிவிடுவேன்.