கோய் குஞ்சில் எதை விற்பது, எதை நிறுத்திவைப்பது?

கேள்வி: திருவள்ளூர் மாவட்டத்தில் சிமெண்ட் தொட்டிகளில் அலங்கார மீனான கோய் கெண்டை வளர்க்கிறேன். குஞ்சுகள் இப்போது மூன்று அங்குலம். கொளத்தூர் வியாபாரி வந்து, நிறம் நன்றாக இருப்பதை எல்லாம் பொறுக்கிக்கொண்டு போகிறார். சிலவற்றைப் பெரிய மீனாக்கி விற்க ஆசை. எதைப் பார்த்து ஒதுக்குவது? நர்சரிப் பைகளில் புளி, ஆலங்கன்றுகளும் நிற்கின்றன. போன்சாய்க்கு எது தேறும்?

பதில்: வியாபாரி பொறுக்கட்டும், வருத்தப்படாதீர்கள். மூன்று அங்குலத்திலேயே சிவப்பும் கருப்பும் அழுத்தமாக, பெரிய மீன் மாதிரி இருக்கும் குஞ்சு பெரும்பாலும் அதோடு சரி. வளர வளர நிறம் உடையும். பெரும்பாலும் ஆண்மீன்கள்தான் இப்படிச் சீக்கிரம் நிறம் கூடி நிற்கும். விலை கிடைக்கும்போதே விற்றுவிடுவது லாபம். ஜப்பானின் நீகாட்டாப் பண்ணைக்காரர்கள் பிற்பாடு தேறும் என்று நிறுத்திவைக்கும் மீனைத் 'தாதேகோய்' என்பார்கள். இந்த வயதில் அது பெரும்பாலும் சுமாராகத்தான் தெரியும்.

முதலில் உடல்வாகு. குஞ்சுகளை நீல நிறத் தொட்டியில் விட்டு மேலிருந்து பாருங்கள். தலை அகலமாக, வால் தொடங்கும் இடம் தடிமனாக இருக்க வேண்டும். முதுகு வளைவு, வாய்க் கோணல், குட்டைச் செவுள்மூடி இருந்தால் நிறம் எப்படியிருந்தாலும் கழித்துவிடுங்கள். கூட்டத்திலேயே மிகப் பெரிதாக ஒன்றிரண்டு இருந்தால் உடனே பிரியுங்கள். அவை கூடப் பிறந்ததைத் தின்று பெருத்தவையாக இருக்கலாம்.

அப்புறம் தோல். வெள்ளை அழுக்கேறாமல் பளிச்சென்று இருக்க வேண்டும். தலையில் மட்டும் லேசான மஞ்சள் என்றால் பொறுங்கள், பிறகு தெளிவதுண்டு. வெள்ளை உடலில் சிவப்புத் திட்டு மட்டும் உள்ள கோஹாகு வகையில் சிவப்பு இப்போது ஆரஞ்சாக இருந்தால் பரவாயில்லை, ஆனால் எல்லாத் திட்டிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு திட்டை உன்னிப்பாகப் பாருங்கள்: பின் ஓரம் கத்தியால் கீறியதுபோல் பிரிந்திருக்கும், முன் ஓரத்தில் வெள்ளைச் செதிலுக்கு அடியில் சிவப்பு மங்கலாகத் தெரியும். அந்த மங்கல் குறையே அல்ல. பின் ஓரமும் கலைந்திருந்தால்தான் தள்ளுங்கள்.

வெள்ளையில் சிவப்பும் கருப்பும் உள்ள சான்கே, கருப்பில் சிவப்பும் வெள்ளையும் உள்ள ஷோவா ஆகிய இரண்டு வகையிலும் கருப்பு தோலுக்கடியில் நீலச் சாம்பலாகத் தெரிந்தால் போதும், மேலே வர வருடக்கணக்கில் ஆகலாம். சான்கேயில் கருப்பு மறைந்து திரும்புவதும் உண்டு. அடுத்த முறை ஷோவா பொரித்தால், சில நாளிலேயே கருத்த குஞ்சுகளை மட்டும் வைத்துக்கொண்டு வெளுத்ததைக் கழித்துவிடலாம்.

நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடேறி மீன் வேகமாக வளரும், சிவப்பும் மெலியும். தொட்டிக்கு நிழல்வலை போடுங்கள். அதற்காக நிறத் தீவனத்தை அள்ளிப் போடாதீர்கள், வெள்ளையில் சாயம் ஏறிவிடும்.

கன்றுகளில் கிளை, உயரம் எதையும் பார்க்க வேண்டாம். புளியும் ஆலும் வெட்டினாலும் துளிர்க்கும். மேல்மண்ணை விரலால் தள்ளிவிட்டு அடியைப் பாருங்கள். வேர் நாலாபுறமும் விரிந்து, தண்டு அடியில் பருத்து மேலே சிறுத்தால் ஒதுக்குங்கள். பைக்குள்ளேயே வேர் சுருண்டு அடித்தண்டை நெரித்திருந்தால் வேண்டாம். இலை பெரிதான ஆலைவிடப் புளி சுலபம். ஒதுக்கியதை உடனே சின்னத் தொட்டிக்கு மாற்றினால் தண்டு பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். சில வருடம் தரையில் விடுங்கள். நடும்போது வேருக்கு அடியில் ஒரு டைல்ஸ் துண்டை வைத்தால் ஆணிவேர் இறங்காமல் பக்கவேர் பரவும்.