ஒரே ஒரு லைட் போதுமா? – போர்ட்ரெய்ட் கேள்வி பதில்

போர்ட்ரெய்ட், அதாவது முகப்படங்களுக்கான லைட்டிங் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததில் முக்கால்வாசி 'எந்த லைட் வாங்கலாம், எத்தனை வாட்ஸ் வாங்கலாம்' ரகம். அத்தனைக்கும் சேர்த்து ஒரே பதில்: இருக்கிற லைட்டை முதலில் நகர்த்திப் பாருங்கள், பர்ஸை அப்புறம் திறக்கலாம். மிச்சக் கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: வாடகை வீடு, ஒரு ஜன்னல், ஒரு மொபைல். என்னிடம் இருப்பது இவ்வளவுதான் சார். இதை வைத்து வித்தியாசமாக ஏதாவது எடுக்க முடியுமா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

தாராளமாக. ஜன்னல் இருந்தால் பாதி ஸ்டுடியோ இருக்கிறது. என்ன, நிறைய பேர் ஆளை ஜன்னலுக்கு நேராக நிற்க வைத்து எடுத்துவிடுகிறார்கள், முகம் தட்டையாகப் போய்விடுகிறது. ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில் வருகிற மாதிரி ஒரு ஸ்டூலில் உட்கார வையுங்கள். இந்த நிலையில் முகம் சரிபாதியாகப் பிரியும், ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு. இனி மூக்கின் நிழலை மட்டும் கவனியுங்கள். முகத்தை மெல்ல மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னால், மூக்கின் நிழல் இருட்டுக் கன்னத்தின் நிழலோடு போய் ஒட்டிக்கொள்கிற ஓர் இடம் வரும். அங்கே கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு வெளிச்ச முக்கோணம் மிஞ்சும். நிறுத்தச் சொல்லி எடுங்கள். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த முகங்களில் அடிக்கடி இதைப் பார்க்கலாம், அதனால் அவர் பெயரிலேயே ரெம்பிராண்ட் லைட்டிங் என்கிறோம்.

முக்கோணம் வரவே மாட்டேன் என்கிறதா? ஜன்னல் தாழ்வாக இருக்கும். வெளிச்சம் கண் மட்டத்துக்கு மேலிருந்து இறங்கினால்தான் அது விழும். பெட்ஷீட்டால் ஜன்னலின் கீழ்ப்பாதியை மூடிவிடுங்கள், அல்லது ஆளைத் தரையில் உட்கார வையுங்கள், சரியாகிவிடும். நிழல் பக்கம் ரொம்ப இருட்டாகத் தெரிந்தால் ஒரு தெர்மாகோல் ஷீட்டை எதிரே பிடியுங்கள் (சினிமா யூனிட்டிலும் இதே தெர்மாகோல்தான், ஸ்டாண்டில் மாட்டியிருப்பார்கள், அவ்வளவே வித்தியாசம்). மாறாக, சின்ன அறையில் வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பியடித்து நிழலே விழாமல் போனால் அந்தப் பக்கம் கறுப்புத் துணி வேண்டும். வீட்டில் யாராவது சபரிமலைக்கு மாலை போட்டவர் இருந்தால் அவருடைய கறுப்பு வேட்டியே போதும். பலரும் இந்தக் கறுப்பை மறந்துவிடுகிறார்கள், ஆனால் முகத்துக்கு ஆழம் தருவதில் பாதி வேலை அதனுடையது.

மொபைலில் எடுக்கும்போது வெளிச்சமான கன்னத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்தின் வெளிச்ச அளவு) லாக் ஆகும், அப்புறம் சூரியன் ஐகானைக் கொஞ்சம் கீழே இழுங்கள். மொபைல் தானாக நிழலையெல்லாம் வெளுக்கப் பார்க்கும், விடாதீர்கள்.

இன்னொன்று. யூடியூபில் எல்லோரும் 'வடக்கு ஜன்னல்தான் பெஸ்ட்' என்பார்கள். அது ஐரோப்பிய ஓவியர்கள் வழி வந்த யோசனை, அங்கே வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அதிகம் எட்டிப் பார்க்காது. நம் ஊரில் கணக்கு வேறு. சென்னையை எடுத்துக்கொண்டால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப் பொழுதில்கூட சூரியன் சற்று வடக்கே சாய்ந்துதான் இருக்கும், காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே வரும். அந்த மாதங்களில் ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: என் தங்கை நல்ல கறுப்பு. நிச்சயதார்த்த ஆல்பத்தில் அவள் முகத்தை வெளுத்து, வேறு யாரோ மாதிரி ஆக்கிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டால் 'லைட்டிங் அப்படி' என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், விருதுநகர்

உண்மை இல்லை. அது கம்ப்யூட்டரில் நடந்த வேலை. அடுத்த ஆல்பம் போடுவதற்குள், கல்யாணத்துக்கு முன்னாலேயே ஸ்டுடியோக்காரரிடம் 'நிறத்தில் கை வைக்காதீர்கள்' என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் லைட்டிங்குக்கும் இதில் பங்கு உண்டு. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் தனக்கு முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். பின்னால் வெள்ளைத் திரையும் சீரியல் லைட்டும் ஜொலிக்கிற மேடையில் அது 'ஐயோ வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும், மணப்பெண் முகம் இருண்டுபோகும். உடனே நேருக்கு நேர் ஃபிளாஷை அடிப்பார்கள். நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளையாக ரெண்டு பொட்டு, மற்ற இடமெல்லாம் தட்டை. அதைச் சரிசெய்யத்தான் கம்ப்யூட்டர், வெளுப்பு எல்லாம். பிலிம் காலத்திலும் இந்தக் கோளாறு இருந்தது. கோடாக் நிறுவனம் லேப்களுக்குக் கொடுத்த 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படத்தில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண், பல பத்தாண்டுகள் அந்தத் தோலின் நிறம் சரியாக வருகிறதா என்று பார்த்துத்தான் பிரிண்ட் போட்டார்கள். வேறு நிறத்தவர்களும் இருக்கிற கார்டு 1990களில்தான் வந்தது.

சரி, எப்படி எடுப்பது? வெளிர்ந்த தோலில் முகத்தின் வடிவத்தை நிழல் காட்டும். கறுத்த தோலில் அதைக் காட்டுவது மினுமினுப்பு. கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, தாடை விளிம்பு, தோள் எல்லாவற்றின் மேலும் வெளிச்சம் பளபளப்பாக ஓடும், அதைப் பிடித்துவிட்டால் கறுப்பு முகத்தைப் போல அழகாக வருவது எதுவும் இல்லை என்பேன். அதற்கு லைட் பெரிதாக இருக்க வேண்டும், பக்கத்தில் இருக்க வேண்டும், சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளைத் துணியைக் கட்டி அதன் பின்னாலிருந்து லைட்டை அடித்தால் அந்த மொத்தத் துணியும் லைட் ஆகிவிடும், அதன் பிரதிபலிப்பு கன்னத்தில் புள்ளியாக விழாமல் அகலமான மெல்லிய பளபளப்பாக விழும். பின்பக்கம் ஒரு ரிம் லைட் (விளிம்பை மட்டும் தொடும் லைட்) இருந்தால் கூந்தலும் தோளும் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும். பின்னணி வெள்ளை வேண்டவே வேண்டாம், மெரூன், கரும்பச்சை, செங்கல் நிறம் எல்லாம் பிரமாதமாக இருக்கும். பவுடர் போட்டு மினுமினுப்பைக் கொல்லாதீர்கள், வியர்வையை மட்டும் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: முகத்தில் இலை நிழல், ஜன்னல் கம்பி நிழல் விழுகிற மாதிரி படங்கள் இப்போது எங்கே பார்த்தாலும் வருகின்றன. சாஃப்ட்பாக்ஸ் (லைட்டில் மாட்டும் வெள்ளைத் துணிப் பெட்டி) முன்னால் தென்னங்கீற்றைப் பிடித்துப் பார்த்தேன், நிழலே விழவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

விழாது. சாஃப்ட்பாக்ஸின் வேலையே நிழலைக் கரைப்பதுதான். கூர்மையான நிழலுக்குச் சின்ன லைட் வேண்டும், மொபைல் டார்ச் போல. இருட்டறையில் ஒருவர் சற்றுத் தள்ளி நின்று டார்ச்சைப் பிடிக்கட்டும், முகத்துக்குப் பக்கத்தில் கீற்றைப் பிடியுங்கள், விளிம்பு கத்தி மாதிரி விழும். கீற்றை டார்ச் பக்கம் நகர்த்த நகர்த்த நிழல் பெரிதாகி மங்கும், வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். வெயிலிலும் இதே கதைதான். சூரியன் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம், அதனால் கீற்று முகத்திலிருந்து 1 மீட்டர் தள்ளியிருந்தால் நிழலின் விளிம்பு கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் மங்கிவிடும், ஒரு ஜாண் தூரத்தில் பிடித்தால் பளிச்சென்று இருக்கும். சமையலறையில் சல்லடை, இடியாப்பத் தட்டு, பிரம்புக் கூடை எல்லாவற்றையும் முயன்று பாருங்கள், இடியாப்பத் தட்டின் புள்ளிகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எதை வைத்தாலும் ஒரு கண்ணாவது முழுசாக வெளிச்சத்தில் இருக்கட்டும். ரெண்டு கண்ணிலும் பட்டை விழுந்தால் பார்ப்பவருக்கு முகமே சிக்காது.

கேள்வி: ஃபிளாஷை சீலிங்கில் அடித்து பவுன்ஸ் செய்தால் முகமெல்லாம் பச்சை. கேமரா கோளாறா?
– வாசகி, ஈரோடு

உங்கள் ஹால் சுவர் இளம்பச்சை, சரிதானே? வெளிச்சம் எதில் பட்டுத் திரும்புகிறதோ அதன் நிறத்தையும் கூடவே கூட்டி வரும். நம் வீடுகளில் பச்சை, ரோஸ், நீலம் என்று சுவர் இருப்பதால் பவுன்ஸ் செய்யும் முன்னால் சுற்றிப் பார்த்துவிடுங்கள். வெள்ளை சீலிங் இல்லையென்றால் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதில் அடியுங்கள்.

துணியில் அடிப்பதை மட்டமாக நினைக்க வேண்டாம். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காக காசி வீட்டு முற்றம் ஒன்றை ஸ்டுடியோவுக்குள் செட் போட்டார்கள். நிஜ முற்றத்தில் வானத்திலிருந்து பரவலாக இறங்குகிற, நிழல் தெரியாத வெளிச்சம் ஸ்டுடியோ லைட்டில் வரவே வராது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து லைட்டுகளை அதில் அடித்து அந்த வானத்தையே செய்துவிட்டார். கையில் ஸ்பீட்லைட் (கேமராவில் மாட்டும் ஃபிளாஷ்) ஒன்றும் பெட்ஷீட் ஒன்றும் இருந்தால் உங்கள் ஹாலில் நீங்கள் செய்யப்போவதும் அதுதான்.

இதே காரணத்தால்தான் பகல் கல்யாணத்தில் சாமியானாவுக்குக் கீழே எடுத்த முகங்கள் சிவப்பாகவும் மஞ்சளாகவும் வருகின்றன. ஆளைப் பந்தலின் விளிம்புக்குக் கூட்டி வந்து வெளியே பார்த்து நிற்க வையுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்வி: கண்ணாடி போட்டவர்களை எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் லைட்தான் தெரிகிறது.
– வாசகர், கும்பகோணம்

லைட்டை இன்னும் உயரமாகவும் பக்கவாட்டிலும் தள்ளுங்கள். போகவில்லையா, கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் துளி தூக்கச் சொல்லுங்கள், கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு தரைக்குப் போய்விடும். வெறும் ஃப்ரேம் மாட்டி எடுப்பது எனக்குப் பிடிக்காது, பவர் கண்ணாடி போடுகிறவர் முகம் அதில் வேறு மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: கார்த்திகை தீபத்துக்கு என் மகளை விளக்கு வெளிச்சத்தில் மட்டும் எடுக்க ஆசை. போன வருடம் எடுத்தது பேய்ப்படம் மாதிரி இருந்தது.
– வாசகி, திருவண்ணாமலை

விளக்கைத் தரையில் வரிசையாக வைத்து, மகளைக் குனிந்து ஏற்றச் சொல்லியிருப்பீர்கள். வெளிச்சம் தாடைக்குக் கீழிருந்து வந்தால் புருவ நிழல் நெற்றியில் ஏறும், பேய்ப்பட லைட்டிங் அதேதான். அகல்களைத் திண்ணையிலோ ஒரு முக்காலி மேலோ, மகளின் முகத்துக்குக் கிட்டத்தட்ட நேர் உயரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். ஓர் அகல் பத்தாது, ஏழெட்டை நெருக்கமாக வைத்தால் வெளிச்சமும் கூடும், நிழலும் மென்மையாகும். முகம் சுடரிலிருந்து இரண்டடியில் இருந்ததை நாலடிக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும், அதனால் தூரத்தில் கவனம்.

கேமராவில் எஃப் 1.8 வரை அகலமாகத் திறக்கும் லென்ஸ், ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 1600 முதல் 3200, ஷட்டர் 1/60 நொடி பக்கம் வைத்துத் தொடங்குங்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்வது) அந்த மஞ்சளைக் கழுவப் பார்க்கும், கையால் 3000 கெல்வின் பக்கம் வைத்துவிடுங்கள், சுடரின் சொந்த நிறம் 1900 கெல்வின் அளவுதான் (வெளிச்சத்தின் கெல்வின் குறையக் குறைய மஞ்சள் கூடும்) என்பதால் அந்த மஞ்சள் அப்படியே நிற்கும். ஃப்ரேமுக்கு வெளியே, விளக்கு இருக்கிற அதே பக்கம், மஞ்சள் பல்பு ஒன்றைத் துணிக்குப் பின்னால் மறைத்து வைப்பதும் உண்டு, அதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. ஃபேனை நிறுத்துங்கள், பாவாடையையும் கூந்தலையும் ஒதுக்கிக் கட்டுங்கள், பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்கட்டும்.

கேள்வி: எல்.ஈ.டி. பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக வருகிறது.
– வாசகர், தாம்பரம்

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் மலிவான பல்பு நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். போய்விடும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கேமராவைக் கண்டால் சிரிக்கவே மாட்டார். லைட்டிங்கில் ஏதாவது வழி உண்டா?
– வாசகி, மதுரை

சிரிக்க வைக்க லைட்டால் முடியாது, ஆனால் ஏன் சிரிக்க வேண்டும்? 1941 டிசம்பர் 30 அன்று கனடாவின் ஒட்டாவாவில் புகைப்படக்காரர் யூசுஃப் கார்ஷ், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கிவிட்டு எடுத்த படத்தில் சர்ச்சில் கடுகடு என்று முறைக்கிறார், சர்ச்சிலின் படங்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அநேகமாக அதுதான். உங்கள் வீட்டுக்காரரைச் சாயங்காலம் வாசல் நிலைப்படிக்கு உள்ளே நிற்க வையுங்கள், வீட்டுக்குள் எல்லா லைட்டையும் அணைத்துவிடுங்கள். முகத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பச் சொல்லி, உங்கள் பக்கம் தெரிகிற கன்னம் நிழலில் இருக்கிற மாதிரி நின்று எடுங்கள், முகம் ஒடுங்கி, பார்வை அழுத்தமாக விழும். மீசை இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம், முதலில் கண்ணில் படுவது அதுவாகிவிடும்.