முகம் பார்த்து முடிவு கட்டலாமா?

கேள்வி: சட்டத்தின் முன் எல்லோரும் சமம்தானே? அப்புறம் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மட்டும் போலீஸ் விசாரணையிலும் நீதிமன்றத்திலும் தனி நடைமுறை கேட்பது சலுகை இல்லையா? இதைச் சாக்காக வைத்துக் குற்றவாளிகள் தப்பிக்க மாட்டார்களா?

பதில்: தண்டனையைக் குறைப்பது வேறு பேச்சு. நான் கேட்பது விசாரணை ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதை.

விசாரணை அறையில் ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞன். தலைக்கு மேல் குழல்விளக்கு இரைந்துகொண்டிருக்கிறது. அதிகாரிக்கு அது காதில் விழவில்லை. அவனுக்கு அதைத் தவிர வேறெதுவும் விழவில்லை. "என்ன நடந்ததுன்னு சொல்ல முடியுமா?" "முடியும்." அதோடு நிறுத்திவிடுகிறான். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். அதிகாரிக்குத் திமிராகப் படுகிறது, குரல் உயர்கிறது. "எடுத்தேன்னு சொல்லுடா!" காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் இயல்பு ஆட்டிசம் உள்ள பலருக்கு உண்டு, பதற்றத்தில் அது கூடும். "எடுத்தேன்" என்கிறான். ஒப்புதல் வாக்குமூலம் தயார்.

கண்ணைப் பார்த்துப் பேசவில்லையா, எதையோ மறைக்கிறான். அழவில்லையா, கல்நெஞ்சக்காரன். இந்தக் கணக்கு யாரிடமும் நம்பத்தக்கதல்ல. ஆட்டிசம் உள்ளவரிடம் அடியோடு தப்பாகும். புகார் கொடுக்க வருபவருக்கும் இதே கதிதான். தனக்கு நேர்ந்த கொடுமையை ஏற்ற இறக்கமில்லாத குரலில், தேதி வாரியாகச் சொல்கிறாள் ஒரு பெண். "பாதிக்கப்பட்டவள் மாதிரியே தெரியலையே" என்று அவளைத் திருப்பி அனுப்பினால், கொடுமை செய்தவன் வெளியே நடமாடுகிறான். குற்றவாளி தப்பிப்பார் என்ற உங்கள் பயம் பலிப்பது அங்கேதான்.

2016 ஜூலையில் அமெரிக்காவின் வடக்கு மயாமியில், ஆட்டிசம் உள்ள ஒருவர் பொம்மை லாரியுடன் நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கவனித்துக்கொள்பவர் பக்கத்தில் மல்லாந்து படுத்து, இரு கைகளையும் தூக்கியபடி, அது பொம்மைதான் என்று கத்தினார். போலீஸ்காரர் சுட்டார். குண்டு படுத்திருந்தவரின் காலில் பாய்ந்தது. பொம்மை வைத்திருந்தவரைத்தான் குறிவைத்தாராம்!

சலுகையா என்று கேட்டீர்கள். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, நீதி பெறத் தேவையான நடைமுறை மாற்றங்களையும் போலீஸ், சிறை ஊழியர்களுக்கான பயிற்சியையும் அரசின் கடமையாகவே சொல்கிறது. வேற்றுமொழிக்காரருக்கு மொழிபெயர்ப்பாளர் தருவதை யாரும் சலுகை என்பதில்லை. கேள்வியைப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஓர் இடையாளை அனுமதிக்கும் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸில் 1999இல் வந்தது. ஆனால் அது சாட்சிகளை மட்டும் நினைத்தது. குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்பவரை விட்டுவிட்டது. எனக்கு அது பெரிய குறை.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. உரிமைகளைப் படித்துக் காட்டிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். "நான் சொன்னதை உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லையென்றால், உதவிக்கு ஆள் வரும்வரை அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.