பந்து கைக்கு வராதவர்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நாஷ்வில்லில் பத்து வருடமாக இருக்கிறேன், ஐடி வேலை. கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காத நான், ஆபீஸ் நண்பர்கள் புண்ணியத்தில் டென்னஸி பல்கலைக்கழக அணிக்கு அடிமையாகிவிட்டேன். ஒரு ஆதங்கத்தை உங்களிடம் கொட்ட வேண்டும். ஆல்வின் கமாரா இரண்டு வருடம் எங்களிடம் இருந்தார், ஒரு சாம்பியன்ஷிப்பும் ஜெயிக்கவில்லை. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். போன முதல் வருடமே அவர் தாக்குதல் ஆட்டக்காரர்களில் சிறந்த புதுமுகம்! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதானே இது? ஜோ பர்ரோவை ஒஹாயோ ஸ்டேட் பெஞ்சில் உட்கார வைத்தது, ஜார்ஜ் கிட்டில் ஐயோவாவில் இருந்ததே யாருக்கும் தெரியாது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் இந்தக் கோச்சுகளுக்குக் கண் இல்லையா?

அன்புடன்,
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர், நாஷ்வில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் புலம்பல் எனக்குப் புதிதில்லை. அந்த இரண்டு சீசனும், அதாவது 2015, 2016, நான் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில்லில்தான் இருந்தேன். சனிக்கிழமை வந்தால் ஊரே அணியின் ஆரஞ்சு நிறம். பால் வாங்கப் போனால் கடைக்காரர், "இன்றைக்காவது ஆறாம் நம்பரிடம் பந்தைக் கொடுப்பார்களா?" என்று கேட்பார். ஆறாம் நம்பர்தான் கமாரா. அதனால் உங்களோடு சேர்ந்து நானும் திட்டியவன்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வரி. ரன்னிங் பேக் என்பவர், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, எதிரே நிற்கும் மலை மலையான ஆட்களுக்கு நடுவே சந்து கண்டுபிடித்து ஓடுகிறவர். ஒரு ஆட்டத்தில் இருபது தடவை ஓடினால் அவர்தான் முதல் ஆள் என்று அர்த்தம்.

கமாரா டென்னஸியில் 2015-இல் 107 தடவை ஓடினார், 2016-இல் 103. மொத்தம் 210 ஓட்டம், 1,294 யார்டு. ஒரு ஓட்டத்துக்கு ஆறு யார்டுக்கு மேல் வருகிறது. நாலரை வந்தாலே நல்ல கணக்கு என்பார்கள். ஆனால் 2015-இல் ஆட்டத்துக்கு எட்டு தடவைதான் பந்து. முதல் ஆள் ஜேலன் ஹர்ட். அதே 2015-இல் ஹர்ட் ஓடியது 277 தடவை. ஆறடி நாலு அங்குலம், ரன்னிங் பேக் என்று சொன்னால் நம்ப முடியாத உடம்பு. கோச் புட்ச் ஜோன்ஸுக்கு அவர் மேல் அப்படியொரு நம்பிக்கை.

2016 அக்டோபர் 8, டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியோடு நடந்த ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்து ஆட்டம் தோற்காமல் போயிருந்தோம். ஹர்ட் காயத்தால் ஆடவில்லை, வேறு வழியில்லாமல் கமாராவிடம் பந்தைக் கொடுத்தார்கள். ஓட்டத்தில் 127 யார்டு, கேட்ச் பிடித்து 161 யார்டு. என் அபார்ட்மென்ட்டில் ஏழு பேர் உட்கார்ந்து பார்த்தோம், மனைவி வைத்த சுண்டல் யாரும் தொடாமல் ஆறிப்போனது. அடி விழும்போது அந்த மனிதர் கீழே போகாமல் ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்து ஓடுவார் பாருங்கள், பம்பரம் சாய்ந்து திரும்ப நிமிர்கிற மாதிரி. ஏழு முறை பந்தைப் பறிகொடுத்து, இரண்டாவது ஓவர்டைமில் 45-38 என்று தோற்றோம். அது தோல்வி என்பதைவிட, இவ்வளவு நாள் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்ற எரிச்சல்தான் அன்று ராத்திரி எல்லோருக்கும்.

சரி, இது வரைக்கும் நீங்களும் நானும் ஒரே கட்சி. இதற்கு மேல் கொஞ்சம் தகராறு.

கமாரா என்.எஃப்.எல்.லில் நியூ ஆர்லியன்ஸ் அணிக்குப் போன முதல் வருடம், 2017-இல், எத்தனை தடவை ஓடினார் என்று பார்த்தீர்களா? 120. அவ்வளவுதான். டென்னஸியில் ஒரு வருடத்தில் ஓடியதைவிடப் பத்துப் பதினைந்து கூடுதல், அதுவும் நீளமான என்.எஃப்.எல். சீசனில். ஆக அங்கேயும் அவருக்குப் பந்தை மூட்டை மூட்டையாகக் கொடுத்துவிடவில்லை. இன்னொரு ரன்னிங் பேக் மார்க் இங்கிரமோடு பங்கு போட்டுத்தான் ஆடினார். மாறியது வேறு. டென்னஸியில் இரண்டு வருடமும் சேர்த்து 74 கேட்ச் பிடித்தவர், அங்கே முதல் வருடமே 81 பிடித்தார். ஓரத்தில் நிறுத்தினார்கள், நடுவில் நிறுத்தினார்கள், அவரைத் துரத்த முடியாத கனத்த ஆட்களுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். "இன்னும் நிறையக் கொடுத்திருக்கலாம்" என்று நாம் கத்திக்கொண்டிருந்தோம், அங்கே கோச்சாக இருந்த ஷான் பேட்டன் "எங்கே நிற்கும்போது கொடுப்பது" என்று யோசித்தார். நம் கத்தலும் பாதி தப்புதான்.

குவார்ட்டர்பேக் பர்ரோ விஷயத்தில் உங்களோடு எனக்குச் சுத்தமாக ஒத்துப்போகவில்லை. மூன்று வருடத்தில் ஒஹாயோ ஸ்டேட்டுக்காக அவர் எறிந்தது மொத்தமே 39 பாஸ், உண்மைதான். முதல் வருடம் ரெட்ஷர்ட் (ஆடாமல் பயிற்சி மட்டும்), பிறகு முதல் குவார்ட்டர்பேக் ஜே.டி. பாரட்டுக்குப் பின்னால் காத்திருப்பு, 2017-இல் கை எலும்பு முறிவு. 2018 வசந்தத்தில் ட்வேய்ன் ஹாஸ்கின்ஸோடு போட்டியில் பின்தங்கி, மூட்டையைக் கட்டிக்கொண்டு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு (எல்.எஸ்.யூ.) போய்விட்டார். அந்த வருடம் ஹாஸ்கின்ஸ் என்ன செய்தார்? 50 டச்டவுன் பாஸ், அதாவது எல்லைக்கோட்டுக்கு அப்பால் போய்ப் புள்ளி எடுத்துக்கொடுத்த பாஸ். பாவம், 2022-இல் சின்ன வயதிலேயே சாலை விபத்தில் இறந்துபோனார். அவரைத் தேர்ந்தெடுத்தது தப்பு என்று எந்த வாயால் சொல்வது? பர்ரோ எல்.எஸ்.யூ.வில் முதல் வருடம் 16 டச்டவுன்தான். நல்ல பையன், அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தோம். 2019-இல் ஜோ பிரேடி என்ற இளம் கோச் (இவரும் நியூ ஆர்லியன்ஸ் அணியிலிருந்து வந்தவர்தான், கவனியுங்கள்) வந்து ஆட்ட முறையையே மாற்றிய பிறகுதான் 60 டச்டவுன், 15-0, சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது, சாம்பியன்ஷிப் எல்லாம். ஒஹாயோவில் 2018-இல் இருந்த பர்ரோவும் 2019-இன் பர்ரோவும் ஒரே ஆள் என்று நாம் இன்று உட்கார்ந்துகொண்டு சொல்வது, பரீட்சை முடிந்த பிறகு கேள்வித்தாளைப் பார்த்து இது எனக்குத் தெரியுமே என்கிற கதை.

கிட்டில் ஐயோவாவில் மொத்தம் 48 கேட்ச். என்.எஃப்.எல். அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது 146-வது ஆளாகத்தான் எடுத்தார்கள், 2018-இல் ஒரே சீசனில் 1,377 யார்டு கேட்ச் பிடித்து டைட் எண்ட் (ஆளை மறிக்கவும் வேண்டும், கேட்ச் பிடிக்கவும் வேண்டும் என்கிற இடம்) ஆட்டக்காரர்களில் அன்றைய சாதனை படைத்தார். ஆனால் அந்த ஐயோவாக்காரர்கள் அவரை வருடக்கணக்கில் ஆளை முட்டித் தள்ளவே பழக்கினார்கள், இன்றைக்கும் அவரைத் தனியாகக் காட்டுவது அந்த முட்டுதான். அலபாமாவில் ஜாஷ் ஜேக்கப்ஸ் மூன்று வருடத்தில் 251 தடவைதான் ஓடினார். தேய்மானம் இல்லாத உடம்பு என்று சொல்லியே முதல் சுற்றில் எடுத்தார்கள். 2022-இல் லீக்கிலேயே அதிக யார்டு ஓடியவர் அவர். அப்போதெல்லாம் கல்லூரியில் சம்பளமும் கிடையாது. காசில்லாமல் வாங்கும் அடி குறைந்தது ஒரு விதத்தில் அவருக்கு லாபம் என்றுகூடச் சொல்வேன். நஷ்டம் அணிக்கும், டிக்கெட் வாங்கிய நமக்கும்.

கோச்சுக்குக் கண் இல்லையா என்று கேட்டீர்கள். கண் இருக்கிறது, பயமும் இருக்கிறது. அப்போது ஒரு அணியில் 85 ஸ்காலர்ஷிப் பையன்கள், களத்தில் பதினோரு இடம். ரன்னிங் பேக் ஒருவன் ஓடாத நேரத்தில், பாய்ந்து வருகிறவனை மறித்து குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்ற வேண்டும். அதில் ஒரு தடவை கோட்டை விட்டால் குவார்ட்டர்பேக்கின் தோள் போய்விடும், கோச்சின் வேலையும் போய்விடும். அதனால் அற்புதம் செய்கிறவனைவிடத் தப்பு செய்யாதவனுக்கு வாய்ப்பு போகிறது. இது எந்த ஆபீஸிலும் நடப்பதுதான், உங்கள் ஐடி கம்பெனியிலும் நடக்கும்.

பழைய நாளில் பையனுக்குப் போக்கிடமும் இல்லை. பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாமல் என்.எஃப்.எல். சேர்க்காது, வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். 2018 அக்டோபரில், மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, 2021-இல் உட்காராமல் மாறலாம் என்றார்கள், அதே வருடம் தங்கள் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கவும் விட்டார்கள். இன்றைக்கு ஒரு கமாரா ஆட்டத்துக்கு எட்டு தடவை ஓடிக்கொண்டு இரண்டு வருடம் பொறுத்திருக்க மாட்டார், சீசன் முடிந்ததுமே பெட்டியைத் தூக்கிவிடுவார். உங்கள் பட்டியல் இனி அதிகம் நீளாது.

அப்புறம் அந்த ஹர்ட். அவரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, நாக்ஸ்வில்லில் இருந்தவரை நானும் நல்லதாகப் பேசியதில்லை. டென்னஸியில் 589 தடவை ஓடினார். அவரைப் பயன்படுத்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் கேட்டது வேறு இடம், தன்னைக் கேட்ச் பிடிக்கும் ரிசீவராக ஆடவிட வேண்டும் என்பது. அது நடக்காமல், 2016 அக்டோபர் கடைசியில் சீசன் நடுவிலேயே விலகினார். ஊர் திட்டித் தீர்த்தது, நானும் பால் கடையில் நின்று என் பங்குக்குத் திட்டினேன். ஒரு வருடம் சும்மா உட்கார்ந்துவிட்டு 2018-இல் பெய்லர் பல்கலைக்கழகத்தில் ரிசீவராக இறங்கி 69 கேட்ச், 946 யார்டு. கமாராவை 2017-இல் 67-வது ஆளாக எடுத்தார்கள் இல்லையா, ஹர்டை 2019-இல் எடுத்ததும் அதே 67-வது இடத்தில்தான், சான் பிரான்சிஸ்கோ அணி. அந்த ஆகஸ்டில் டல்லாஸுக்கு எதிரான சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் இரண்டு டச்டவுன் பிடித்தார். பிறகு முதுகில் காயம், அடுத்த வருடம் முழங்காலில். கணக்கில் வரும் ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமலே முடிந்துபோனது.

உங்கள் பட்டியலில் அவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், கமாராவுக்கு மேலே.

அன்புடன்.